நான் திருத்திய ஆவாரம்பூக்கள்

என் மனைவி வரைந்த பூக்களை நான் திருத்தினேன். அவளுக்குத் தெரியாமல் திருத்தினேன். ஒன்றிரண்டு அல்ல... இரண்டு வருடங்களில் அவள் வாழ்த்து அட்டைகளில் வரைந்த அத்தனை பூக்களையும்! ஒரே ஒரு அட்டை மட்டும் என் கையில் சிக்காமல் தப்பித்தது.

'ப்பூ, இவ்வளவுதானா?' என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரையும் ஏமாற்றிப் பிழைக்கவில்லை, யார் குடியையும் கெடுக்கவில்லை. ஓர் ஆள் தூரிகையை எடுத்து ஒரு மஞ்சள் இதழைச் சற்றே நேராக்கினான். இதற்கெல்லாமா வாக்குமூலம்?

ஆம், இதற்குத்தான்.

குற்றவாளியை அறிமுகம் செய்கிறேன். வயது ஐம்பத்தாறு. கோவை கணபதியில் ஒரு மோட்டார் பம்பு தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. ஒரு பொருளைக் கையில் எடுக்க வேண்டும், முகத்தைச் சுளிக்க வேண்டும், சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். முப்பது வருடம் சுளித்ததில் முகம் அப்படியே நின்றுவிட்டது. சும்மா இருக்கும்போதுகூட நான் எதையோ நிராகரிப்பதுபோலத் தெரியும் என்று மகள் சொல்வாள். ஓய்வு நேரத்தில் படிப்பேன். குற்ற உணர்ச்சியைப் பற்றிக் கனமான நாவல்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். ஆனால் அவற்றில் ஒருவர்கூட நீர்வண்ணத்தால் குற்றம் செய்யவில்லை. அதனால் எனக்கு வழிகாட்ட ஆளில்லாமல் போயிற்று.

இனி, என் மனைவி சாந்தாமணி.

மகள் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போன பிறகு, மத்தியான வேளைகளில் செல்பேசியில் காணொளிகள் பார்த்துப் பார்த்து அவளாகவே வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொண்டாள். தடித்த தாள், ஒரு பெட்டி வண்ணம், மூன்று தூரிகைகள். பொங்கலுக்கு உறவுக்காரர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பப் போவதாக அறிவித்தாள்.

"இந்தக் காலத்துல தபாலா?" என்றேன்.

"போன்ல அனுப்புனா கட்டைவெரல்ல தள்ளிப்போட்டுப் போயிடறாங்க மாமா. இது கையில வந்து உக்காருமில்லீங்க?"

ரோஜா வரையவில்லை, தாமரை வரையவில்லை. "அதெல்லாம் ஆரு வேணாலும் போடுவாங்க" என்று சொல்லிவிட்டாள். பொங்கலுக்கு முந்தைய நாள், காப்புக்கட்டு அன்று எங்கள் பக்கத்தில் வேப்பிலையோடு சேர்த்து வீட்டு முகப்பில் செருகுவோமே, ஆவாரம்பூவும் பூளைப்பூவும்... அந்த இரண்டும்தான். மஞ்சளுக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் மதுக்கரைப் பக்கம் போவோம். சாலையோரப் புதரில் ஒரு கிளையை ஒடித்து வருவாள். அதை ஓர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி உணவு மேசையில் நிறுத்தி, அது வாடும் வரைக்கும் பார்த்துப் பார்த்து வரைவாள்.

எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை எம்பாசிங். பூவின் விளிம்பை மேடாக எழுப்பிக் காட்டும் வேலை அது. விளிம்பின்மேல் நிறமற்ற பசை மையால் ஒரு கோடு போட வேண்டும். அதன்மேல் பொன் நிறப் பொடியைத் தூவி, ஒட்டாததைத் தட்டிக் கொட்டிவிட்டு, வெப்பக் காற்று ஊதும் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும். பொடி உருகும், பளபளவென்று புடைத்துக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் பூ தட்டுப்படும்! தொழிற்சாலையில் வயர் இணைப்புகளின்மேல் உறை சுருக்க இதே துப்பாக்கியைத்தான் பிடிக்கிறோம். எனவே, வாழ்க்கையில் முதல் தடவையாக, என் வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரு வேலை இருந்தது.

அந்தப் பெருமையிலிருந்துதான் வினை தொடங்கியது.

முதல் அட்டை. அவள் பிள்ளையார் கோவிலுக்குப் போயிருந்தாள், நான் பொடியோடு உட்கார்ந்தேன். பூவைப் பார்த்தேன். முப்பது வருடப் பழக்கம், முகம் தானாகச் சுளித்தது. ஐந்து இதழில் ஒன்று பெரிது. ஒன்று மழையில் நின்றுபோன கார் வைப்பரைப் போலச் சாய்ந்து கிடந்தது. இன்னொன்றின் ஓரத்தில் அரை வட்டமாக ஒரு பள்ளம்! மஞ்சளின்மேல் அழுக்குப் பட்டதுபோல லேசான சாம்பல் வேறு.

இதைப் பார்த்து எவராவது சிரித்தால்? 'சாந்தாமணிக்கு வேலை வெட்டி இல்லை போல' என்று யாராவது சொல்லி, அது இவள் காதில் விழுந்தால்?

தூரிகையை எடுத்தேன். காய்ந்த நீர்வண்ணத்தை ஈரத் தூரிகையால் தடவி மெல்லிய தாளால் ஒற்றினால் நிறம் பாதி கிளம்பி வந்துவிடும். சாம்பலை ஒற்றி எடுத்தேன். பள்ளத்தை நிரப்பினேன். சாய்ந்ததை நிமிர்த்தினேன். பெரியதைச் சுருக்கினேன். பிறகு புது விளிம்பின்மேல் பொன் கோடு போட்டுச் சூடு காட்டினேன். பொடி உருகி மூடிக்கொண்டது. தடயம் இல்லை!

கோவிலிலிருந்து வந்தவள் அட்டையைக் கையில் எடுத்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் வரைஞ்சப்ப இத்தன நல்லா இல்லீங்களே மாமா?"

"பொன் ஓரம் போட்டதும் எடுப்பா தெரியுது அம்மணி" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... திருமணமாகி இருபத்தெட்டு வருடங்களில் நான் வாங்கிக் கொடுத்த எந்தப் புடவைக்கும் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் அடுத்த அட்டையையும் திருத்தினேன் என்று எழுதிவிட ஆசைதான். எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது பாதி உண்மைதான். மறு பாதி என்னவென்றால், எனக்கு அது பிடித்திருந்தது. சமமான ஐந்து இதழ்களைப் பார்த்தால் என் உள்ளம் குளிர்ந்தது! அவளைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் என் கண்ணைத் தாஜா செய்துகொண்டிருந்தேன்.

அட்டைகள் போயின. புகழ் திரும்பி வந்தது. தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். "நெம்ப நல்லா இருக்குதுங்க அக்கா, அச்சடிச்சாப்புல இருக்குதுங்க!" அச்சடித்தாற்போல... அந்த வார்த்தையைக் கேட்டு நான் பக்கத்து அறையில் மீசையை நீவிக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் சின்ன எழுத்தில் அவள் எழுதுவாள்: 'சாந்தாமணி கைவண்ணம்'. அந்த வரியை நான் திருத்தவில்லை.

அடுத்த பொங்கலும் இப்படியே கழிந்தது. அதன் பிறகு ஒரு வாரம் கம்பெனி வேலையாக ராஜ்கோட் போனேன். அந்த வாரம் பார்த்து, கோபிசெட்டிபாளையத்தில் அவளுடைய அண்ணன் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். பெயர் ராமாத்தாள், வாழைத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. நங்கையா சீக்கிரம் எழுந்து நடக்க வேண்டும் என்று இவள் ஓர் அட்டை வரைந்து, என் துப்பாக்கியைத் தானே பிடித்துப் பொடியை உருக்கி, தபாலில் சேர்த்துவிட்டாள். தப்பித்த அட்டை அதுதான். ஊர் திரும்பியதும்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சோதனை ஆகாத சரக்கு வெளியே போய்விட்டதே!

ஆடி மாதம் ஓர் அழைப்பு வந்தது. கைவினைப் பொருள் விற்கிற கடை ஒன்றில், ஓர் உறவுக்காரர் கொண்டுபோய்க் காட்டிய எங்கள் பொங்கல் அட்டையைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு பெண்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். சாந்தாமணி இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்று புடவை கட்டிப் பார்த்தாள். கண்ணாடி முன் நின்று, "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்று சொல்லிப் பார்த்தாள். நான் துப்பாக்கிப் பணியாளனாகக் கூடவே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நான் அப்போதே தடுத்திருக்க வேண்டாமா? தடுக்கலாம் என்று வாயெடுத்தேன். எப்படித் தடுப்பது? 'நீ போகாதே, உனக்கு வரையத் தெரியாது' என்றா? 'நீ போகாதே, வரைந்தது நான்' என்றா? இரண்டில் எதைச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் தூரிகையை நனைத்துவிட்டாள்.

டம்ளரில் ஆவாரங்கிளை. பன்னிரண்டு ஜோடிக் கண்கள். அவள் வரைந்தாள். நிதானமாக, அழகாக, எப்போதும் வரைகிறபடியே வரைந்தாள். ஓர் இதழ் பெரிது, ஒன்று சாய்ந்தது, ஓரத்தில் ஒரு பள்ளம்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், அந்தப் பொங்கல் அட்டையைக் கையில் வைத்திருந்தவர், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க அக்கா, இதுல இருக்கறாப்புல வரலீங்களே?"

இளக்காரமாகக் கேட்கவில்லை, உண்மையான சந்தேகம். சாந்தாமணி அட்டையை வாங்கிப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். காது மடல் சிவந்தது.

"இன்னிக்கு என்னமோ கை சரியில்லீங்க" என்றாள்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டர் மேம்பாலத்தைத் தாண்டியது. பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கூட்டத்தப் பாத்ததும் கை நடுங்கிப்போச்சாட்ட இருக்குதுங்க மாமா."

நடுங்கவில்லை! நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் தொழிற்சாலையில் உள்ள எந்த இயந்திரத்தைவிடவும் அந்தக் கை அசையாமல் இருந்தது. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொன்ன வாக்கியம் வேறு.

"பழகப் பழகச் சரியாயிரும், உடு அம்மணி."

அவள் பழகினாள்.

பொங்கல் அட்டை ஒன்றை, அதாவது நான் திருத்திய பூவை, மேசையில் சாய்த்து வைத்து அதைப் பார்த்து வரைந்தாள். தினமும். தாள் தாளாக. ஒரு மாதம் கழித்து ஒரு மாலை நான் பொடியோடு உட்கார்ந்தபோது திருத்துவதற்கு எதுவும் இல்லை. ஐந்து இதழ்கள். ஐந்தும் சமம். பள்ளம் இல்லை, சாம்பல் இல்லை. என் பூவை என் மனைவி வரைந்திருந்தாள்...

குற்றம் செய்ய வாய்ப்பு இல்லாமல் போன குற்றவாளியின் நிலைமை பரிதாபமானது. தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோணல் இதழ் எங்கே போயிற்று என்று தேடினேன். நான் கொன்றதை நானே தேடினேன்!

இந்தக் காணும் பொங்கலுக்குக் கோபிக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் பெண்கள் கூடிப் போய்ப் பூப்பறிக்கிற நோம்பி அது. புது அட்டையை நேரிலேயே கொடுக்க வேண்டும் என்று சாந்தாமணி மடியில் வைத்துக்கொண்டே பேருந்தில் வந்தாள்.

ராமாத்தாள் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கால் நன்றாகக் கூடியிருந்தது.

"வா கண்ணு. வாங்க தம்பி. பாத்தீங்களா, ஓடறதுக்கு ஆளு ரெடி!"

உள்ளே போனோம். தொலைக்காட்சிக்கு மேலே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தப்பித்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

சாந்தாமணியின் முகம் வாடிவிட்டது. "ஐயோ நங்கையா! அதப் போயி ஏனுங்க மாட்டி வெச்சிருக்கறீங்க? கோணக்கோணையா... வாரவீங்க போறவீங்கல்லாம் பாப்பாங்களே!"

"கோணைன்னு ஆரு சொன்னது? எங்க வேலியில பூக்கறது இப்படித்தான் இருக்குது. பாதி எதழப் புழு தின்னுபோட்டுப் போயிருது. நீ அந்தப் புழு கடிச்சதக்கூட உடாமப் போட்டிருக்கற பாரு... காலத் தூக்கி வெச்சுட்டுப் படுத்துக் கெடந்தப்ப அதப் பாத்துப் பாத்துத்தான் சிரிச்சுட்டுக் கெடந்தேன்."

புழு!

அந்த அரை வட்டப் பள்ளம்... அது புழு கடித்த இடம். மஞ்சளின் மேலிருந்த சாம்பல், மதுக்கரைச் சாலையில் லாரிகள் கிளப்பிய புழுதி. அவள் தவறாக வரையவே இல்லை. டம்ளரில் இருந்ததை இருந்தபடி வரைந்திருக்கிறாள். அந்தப் பூவை இரண்டு வருடம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு நாள்கூட நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை! சோதனைக்காரன்!

அக்கா அலமாரியைத் திறந்து முதல் வருடத்துப் பொங்கல் அட்டையை எடுத்து வந்தார். "இதும் நீ அனுப்புனதுதான். நல்லாத்தான் இருக்குது, கடையில வாங்குனாப்புல. ஆனா இதப் பாத்தா உன்ற கையாட்டத் தெரீலியே அம்மணி?"

என் வாயில் இருந்த கரும்பு அப்படியே நின்றது.

சாந்தாமணி சிரித்தாள். "என்ற கை இல்லாம ஆரு கைங்க நங்கையா? மாமாவுக்கு மெசினு புடிக்கத்தான் தெரியும்!" பிறகு இரண்டு அட்டைகளையும் என்னிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்க மாமா. நாளெல்லாம் நல்லது கெட்டது பிரிக்கறதுதான உங்க வேல. எது நல்லாருக்குது?"

வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. சொல்லியிருக்கலாம். 'இது உன்னுடையது, இதுதான் நல்லது, அதை நான் கெடுத்தேன்' என்று மூன்றே துண்டு. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன்...

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்குது அம்மணி."

மரியாதைக்குப் பெயர் போன மண் எங்களுடையது. யார் மனமும் நோகாமல் பேசுவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த மரியாதை மொத்தமும் ஓடி வந்து என்னைக் காப்பாற்றியது. அவளைக் காப்பாற்ற ஒருவரும் வரவில்லை.

அவள் சட்டத்தைக் கழற்றி, பழைய அட்டையை உருவிவிட்டுப் புது அட்டையைச் செருகினாள். ஐந்து சமமான இதழ்கள் சுவரில் ஏறின. பழையதைக் கசக்கப் போனவளின் கையைப் பிடித்து அக்கா அதை வாங்கிக்கொண்டார்.

புறப்படும்போது அந்த அட்டையை என் சட்டைப் பையில் செருகினார். "நீங்க வெச்சுக்குங்க தம்பி. உங்குளுக்குத்தான் இது வேணும்." அவ்வளவுதான். அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை கேட்கத் துணியவில்லை.

இப்போது அது தொழிற்சாலையில் என் மேசை இழுப்பறைக்குள், தேறிய பொருளுக்கு ஒட்டுகிற பச்சைச் சீட்டுக் கட்டுக்கு அடியில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்து, அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். அதன் ஓரத்தில் அவளே உருக்கிய பொடி கொஞ்சம் திட்டுத்திட்டாகப் புடைத்திருக்கிறது. உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே சாந்தாமணி கைவண்ணம்.

நீங்கள் எங்கள் உறவுக்காரராக இருந்து, அந்தப் பொங்கல் அட்டைகளில் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொன் கோட்டுக்கு அருகில், மஞ்சளுக்கு அடியில், வேறோர் ஓரம் மங்கலாகத் தெரியக்கூடும். அவள் அங்கேதான் இருக்கிறாள்.

அவளிடம் சொல்ல முயலவில்லையா என்கிறீர்களா? ஒருமுறை முயன்றேன். "அம்மணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று ஆரம்பித்தேன். "ஏனுங்க, சுகர் மாத்தரை தீந்துபோச்சுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். தீரவில்லை. அதுவும் ஒரு பொய்.

சொன்னால் என்ன ஆகும்? ஊரார் புகழ்ந்த பூ அவளுடையது அல்ல என்று தெரியும். அவளுடையதே மேல் என்றும் தெரியும். ஆனால் அந்தக் கை இப்போது அவளிடம் இல்லையே... எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாதவன், எடுத்தேன் என்று மட்டும் சொல்லி என்ன பயன்? இப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன். வக்கீலும் நானே, திருடனும் நானே. வழக்கு ஒருநாளும் முடிவதில்லை.

நேற்று மாலை வேலையிலிருந்து வந்தேன். மேசையில் மகளின் பிறந்த நாளுக்கான அட்டை. சாந்தாமணி மகளின் பழைய காம்பஸை எடுத்து இதழுக்கு இதழ் அளந்துகொண்டிருந்தாள்.

"மாமா, சித்த இதப் பாருங்க. அஞ்சும் ஒண்ணாட்ட இருக்குதுங்களா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். நூலளவு பிசகு இல்லை.

"இருக்குது அம்மணி."

"இப்பத்தானுங்க மாமா கை படிஞ்சிருக்குது!" என்று, முதல் நாள் சிரித்தாளே, அதே சிரிப்பைச் சிரித்தாள். சமையலறைக்குள் போனாள்.

மேசையில் பூ இல்லை. பார்த்து வரைய இப்போது அவளுக்குப் பூ தேவைப்படுவதில்லை. ஆவாரங்கிளை நின்ற அந்த எவர்சில்வர் டம்ளரில்தான் எனக்குக் காப்பி வந்தது. குடித்தேன்.